பதினோரு மணி மாத்திரை

எங்கள் மலையில் கை நடுங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "ஸ்வெட்டர் போடலையா?" என்பார்கள், அவ்வளவுதான். ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்குக் குன்னூர் பேருந்து நிலையத்தில் போய் நின்று பாருங்கள், டீ கிளாஸ் பிடித்திருக்கும் எல்லார் கையும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நடை தளர்ந்தால் முட்டி வலி. முதுகு கூனினால் காலமெல்லாம் மேடேறிய உடம்பு. முகத்தில் சிரிப்பு குறைந்தால் ரிட்டயர் ஆன ஏக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

என் அப்பா குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். அந்த வேலைக்கு மூக்குதான் மூலதனம். அரைத்த இலை ஃபெர்மென்டிங்கில் கிடக்கும்போது பச்சை வாடை மெல்லப் போய்ப் பழ வாசனை ஏறும். அந்த நேரத்தைப் பிடித்து ட்ரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் டீ பச்சையடிக்கும், பிந்தினால் சப்பென்று ஆகிவிடும். ரிட்டயர் ஆவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அப்பாவுக்கு அந்த வாசனை பிடிபடாமல் போயிருக்கிறது. இலையின் நிறத்தைப் பார்த்தும், ஒரு பிடி அள்ளிச் சூட்டைப் பார்த்தும் ஓட்டியிருக்கிறார். மூக்கடைப்பு என்று சொட்டு மருந்தும் போட்டுக்கொண்டார். மூக்கில் அடைப்பு எதுவும் இல்லை.

வாசனை மந்தமாவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கத்துவது, கையை வீசுவது: இவையெல்லாம் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடியவை. மூக்கு மந்தமானவர்கள் எல்லாருக்கும் பார்க்கின்சன் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு முன்பே மந்தமாகியிருக்கும். நடுமூளையில் கருநிறத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. எழவும் நடக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் அது வேண்டும். கை ஆடத் தொடங்கும் நாளில் அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயர் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து.

காபியும் டீயும் நிறையக் குடிப்பவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. முப்பது வருடம் டீயிலேயே முங்கிக் கிடந்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். "அப்ப குடிக்காம இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்னு வெச்சுக்கோம்மா" என்றார்.

மூக்குக்கு அடுத்து வந்தது வலது தோள் பிடிப்பு. அதற்கு ஒரு எலும்பு மருத்துவரிடம் நீண்டகாலம் மின்சார ஒத்தடமும் வலி மாத்திரையும் ஓடின. தோள் இறுகிப்போவது பார்க்கின்சனின் தொடக்கமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம் எழுத்து சிறுத்தது. ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போது முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து எறும்பளவாகவும் வந்தது. கோயம்புத்தூரில் நரம்பியல் டாக்டர் அவரை ஒரு வரி எழுதச் சொன்னார், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டியபடியே போனது. அவ்வளவில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த நோயைக் காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்ஆர்ஐ எடுப்பது வேறு எதுவும் இல்லை என்று பார்க்கத்தான்.

அந்த 'வேறு எதுவும் இல்லை' என்பதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நடுக்கம் எல்லாமே பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சன் கை மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும், டம்ளரை எடுக்கப் போனால் பெரும்பாலும் அடங்கும். டம்ளரை எடுக்கும்போதுதான் ஆடுகிறது, அண்ணன் தம்பிகளுக்கும் அப்படியே என்றால் அது வேறு வகை நடுக்கம். அதற்கு ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை. கால் தரையோடு ஒட்டினாற்போல் நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். குழாய் வைத்து அதை வடித்தால் நடை திரும்ப வாய்ப்பு உண்டு. இளவயதில் நடுக்கம் என்றால் உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோயைத் தேட வேண்டும், அதற்கும் மருந்து இருக்கிறது. தொடக்கத்திலேயே அடிக்கடி விழுகிறார், படி இறங்கும்போது கண்ணைக் கீழே இறக்க முடியவில்லை என்றால் பார்க்கின்சனின் உறவுக்கார நோய் ஒன்றைச் சந்தேகிப்பார்கள். அதில் மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது.

இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் மலைக்காரர்களிடம் நான் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். மாத்திரையால் வரும் பார்க்கின்சன்.

டோபமைனைத் தடுக்கும் மாத்திரைகள் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கின்றன. வாயுத் தொல்லைக்கு என்று பல மாதங்கள் விழுங்கும் கேப்சூல்கள் சிலவற்றில் லெவோசல்பிரைட் சேர்ந்திருக்கும். தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைட், ப்ரோக்ளோர்பெரசின். இவை வயதானவர்களுக்கு நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கலாம். நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஏற்கெனவே பார்க்கின்சன் உள்ளவருக்கு இதைக் கொடுத்தால் போட்ட மருந்துக்கு எதிராகவே இன்னொரு மருந்தைப் போட்ட கதைதான்.

இதில் மலைக்காரர்களுக்கு என்ன தனிக் கதை? குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும். காட்டேரி என்ற ஊரைத் தாண்டியதுமே பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டிருப்பார்கள். கடைக்காரர் கையில் எது வருகிறதோ அது. சாதாரண ஆளுக்கு அதில் ஒன்றும் ஆகிவிடாது. பார்க்கின்சன் நோயாளி அதைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினால், டாக்டர் அறைக்குள் போகும்போது கட்டை மாதிரி இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார். டாக்டர் நோய் முற்றிவிட்டது என்று டோஸைக் கூட்டக்கூடும். வாந்திக்கு மாத்திரை வேண்டும் என்றால் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். டொம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது என்பதால் அதைத் தருவார்கள், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதற்கும் யோசிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டைப் பையில் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள் எழுதிய காகிதம் ஒன்று லேமினேட் செய்து எப்போதும் இருக்கும். ஜுரத்துக்குப் போகும் பக்கத்து கிளினிக்கிலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்.

அப்பாவின் மருந்து லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்தது. பார்க்கின்சனுக்கு இன்றுவரை இதைவிடச் சிறந்த மாத்திரை வரவில்லை. இதன் கதைக்குள் நம் ஊர் மூலிகை ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தி வேரை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் உலகத்துக்குச் சொன்னார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற மருந்தைச் சில ஆண்டுகள் கழித்து ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து ஓடின. டோபமைன் இல்லாததுதான் அந்த முடக்கத்துக்குக் காரணம் என்பது அப்படிப் புரிந்தது. 1961இல் வியன்னாவில் மனிதர்களுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் கொஞ்சம் கொஞ்சமாக டோஸ் ஏற்றி வாய்வழியே கொடுத்தபோதுதான் அது நிலைத்த சிகிச்சையாக மாறியது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. டோபமைனையே மாத்திரையாக விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து அங்கே டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் காவல் காப்பது கார்பிடோபாவின் வேலை. அந்தக் காவல் இல்லாவிட்டால் குமட்டல்தான் மிஞ்சும்.

"இந்த மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சா பின்னாடி வேலை செய்யாது, முடிஞ்சவரைக்கும் தள்ளிப் போடுங்க" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் ஏராளம், படித்தவர்கள் உட்பட. நெதர்லாந்தில் 445 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே லெவோடோபா, மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்து. 80 வாரம் முடிந்து பார்த்தால் இரு தரப்பிலும் நோயின் நிலை ஒன்றுதான். கானாவில் மருந்து கிடைக்காமல் தாமதமாகத் தொடங்கியவர்களை இத்தாலியில் சீக்கிரம் தொடங்கியவர்களோடு ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு நாளடைவில் வரும், உடம்பு தன்னையறியாமல் நெளியும் தொந்தரவு இரு நாட்டிலும் நோய் வந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தது. தள்ளிப்போட்டவர்கள் இடைப்பட்ட நல்ல வருடங்களை இழந்ததுதான் மிச்சம். மாத்திரை நோயை நிறுத்தாது, திருப்பவும் செய்யாது. இன்றைக்கு எதுவும் அதைச் செய்வதாக நிரூபணம் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தானே சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருவது சின்ன விஷயமா?

சரி, மாத்திரை கிடைத்துவிட்டது. அப்புறம் எல்லாமே கடிகாரம்தான்.

லெவோடோபா ரத்தத்தில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆரம்ப ஆண்டுகளில் மூளையே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்வதால் முன்பின் ஆனாலும் தெரியாது. ஆண்டுகள் போகப் போக அந்தச் சேமிப்பு கரைந்து, ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பது அப்பட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்பாவுக்குக் காலை 7, 11, மதியம் 3, இரவு 7. பதினோரு மணி மாத்திரை பதினொன்றரைக்குப் போனால் பன்னிரண்டுக்கு அவர் நாற்காலியிலிருந்து எழ முடியாது. அம்மா இதை 'கரண்டு போச்சு' என்பாள். மருந்து பிடித்ததும் 'கரண்டு வந்துருச்சு'. டாக்டர்கள் ஆன், ஆஃப் என்கிறார்கள், அம்மா கண்டுபிடித்ததும் அதேதான்.

சாப்பாடும் இதற்குள் வருகிறது. பருப்பு, முட்டை, பால், கறி எல்லாம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும் ரத்தத்திலிருந்து மூளைக்கும் போவது ஒரே வாசல் வழியாக. ஊட்டி பஸ் வந்ததும் மேட்டுப்பாளையத்தில் ஒரே படியில் எல்லாரும் முண்டியடிப்பது மாதிரி. கூட்டம் அதிகமானால் மாத்திரை கீழேயே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது சாப்பிட்டு ஒன்று, ஒன்றரை மணி கழித்து, தண்ணீரோடு. பால் விட்ட டீயோடு போட வேண்டாம் என்று சொன்னபோது அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. இப்போது மாத்திரைக்குக் கட்டன் சாயா. இரும்புச்சத்து மாத்திரையும் இதனோடு சேராது, இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும். புரதத்தையே நிறுத்திவிடுவது தப்பு, இந்த நோயில் உடம்பு ஏற்கெனவே இளைக்கும். எங்கள் வீட்டில் பகலில் சாதம், காய், ரசம் என்று இலேசாக வைத்துக்கொண்டு பருப்பும் முட்டையும் ராத்திரிக்குப் போய்விட்டன. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இந்த அளவு கட்டுப்பாடு தேவைப்படாமலே போகலாம்.

இப்போது கோயம்புத்தூர் போகும் நாளை யோசித்துப் பாருங்கள். விடிகாலையில் கிளம்ப வேண்டும். ஏழு மணி மாத்திரை பர்லியார் பக்கம் பஸ்ஸில். ஆட்டம், குமட்டல், குளிரிலிருந்து திடீரென்று வெயில். மேட்டுப்பாளையத்தில் இட்லி. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பதினோரு மணி மாத்திரைக்கு நேரமாகிறது, ஆனால் எந்நேரமும் கூப்பிடலாம். போட்டுவிட்டு உள்ளே போனால் டாக்டர் நல்ல நிலையில் இருக்கும் ஓர் ஆளைப் பார்ப்பார். போடாமல் போனால் முடங்கிய ஆளைப் பார்ப்பார். இரண்டுமே அப்பாதான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வைத்து அடுத்த நாலு மாத மருந்தை முடிவு செய்ய வேண்டும். சீசன் நாளில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டால் கணக்கு இன்னும் குழம்பும்.

நடுக்க நோய்களுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்த நரம்பியல் மருத்துவர்கள் பெருநகரங்களில்தான் கிடைக்கிறார்கள். அதை மாற்றுவது என் கையில் இல்லை. மாற்ற முடிந்தது, நாங்கள் கொண்டுபோகும் தகவலைத்தான். ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில் மணி வாரியாகக் கட்டம். நன்றாக இருந்தால் டிக், இறுக்கமாக இருந்தால் பெருக்கல் குறி, உடம்பு நெளிந்தால் ஒரு வளைவு. டாக்டரைப் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும் நிரப்புவோம். போனில் சின்னச் சின்ன வீடியோ: மாத்திரைக்கு முன் நாற்காலியிலிருந்து எழுவது, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே நாற்காலியிலிருந்து எழுவது. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இவருக்கு டோஸ் பத்தாம இல்லைங்க. மதியம் மாத்திரை சீக்கிரம் தீந்துபோகுது" என்றார். மொத்த அளவைக் கூட்டாமலே நேரத்தை மட்டும் நகர்த்தினார். பிரச்சினையில் முக்கால்வாசி அதோடு போனது. சில மருத்துவர்கள் இப்போது வீடியோ அழைப்பிலும் பார்க்கிறார்கள். இறுக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது என்பதைத் தவிர, இந்த நோயில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தே தெரிவதுதான்.

மற்ற மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. டோபமைன் மாதிரியே நடிக்கும் ப்ராமிபெக்சோல், ரோபினிரோல் இளவயதுக்காரர்களுக்கு உதவும். ஆனால் சிலருக்கு அடக்க முடியாத ஆசைகளைக் கிளப்பிவிடும்: சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, காமம். வீட்டில் அமைதியாக இருந்த ஒருவர் திடீரென்று விடிய விடிய போனில் ரம்மி ஆடினால் அது குணக்கேடு அல்ல, மாத்திரையாக இருக்கலாம். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டிரைஹெக்ஸிஃபெனிடில் நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் வயதானவர்களுக்கு மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு வரலாம். எழுபதைத் தாண்டியவருக்கு அதை எழுதினால் நான் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பேன்.

மலை வீடுகளில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீடு சாலைக்குக் கீழே, சரிவில். படியில் விழுந்துவிடுவாரோ என்று உறவினர்கள் எல்லாரும் பயந்தார்கள். அப்பா படியைச் சரளமாக ஏறுவார், கால் சிக்கிக்கொள்வது சமதளமான சமையலறை வாசலில். தரையில் ஆணி அடித்தது போல் நிற்பார். படி ஒவ்வொன்றும் 'இங்கே காலை வை' என்று கண்ணுக்குக் காட்டுகிறது, வெறுந்தரை எதையும் காட்டுவதில்லை, அதுதான் காரணம் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். சமையலறை வாசலில் இப்போது மஞ்சள் டேப் குறுக்குக் கோடுகள் ஐந்து ஒட்டியிருக்கிறது. கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால் போய்விடுகிறார். படியில் இறங்குவதற்கு மட்டும் கைப்பிடிக் கம்பி போட்டோம். நடைப்பயிற்சியை மருந்துக்குச் சமமாக இப்போது சொல்கிறார்கள், அதுவும் மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பது. சிம்ஸ் பூங்காவின் மேடு அதற்கு வஞ்சகம் செய்யாது.

குரல்தான் எனக்கு அதிகம் வலித்தது. இலை அரைக்கும் ரோலர் சத்தத்துக்கு மேலே கத்தி ஃபேக்டரியையே ஓட்டிய தொண்டை, பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காமல் முணுமுணுத்தது. அவருக்கோ தான் சரியாகத்தான் பேசுகிறோம், மற்றவர்களுக்குக் காது மந்தம் என்ற எண்ணம். இதுவும் நோயின் ஒரு பகுதி, தன் குரலின் அளவு தனக்கே தவறாகத் தெரியும். பேச்சுப் பயிற்சியில் நுணுக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு 'சத்தமாக' என்ற ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். அம்மா அதை வேறு மாதிரிச் சொன்னாள்: "என்னங்க, ரோலர் ஓடுது." உடனே குரல் வந்தது. இன்றைக்கும் போன் பேசும்போது பக்கத்திலிருந்து அம்மா சொல்லும் ஒரே வார்த்தை 'ரோலர்'.

ஆபரேஷன் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பிகளை வைத்து, காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் பேட்டரி பொருத்தும் சிகிச்சை இது. 1987இல் பிரான்சின் கிரனோபிளில் அலிம் லூயி பெனபிட் தொடங்கி வைத்தார், பார்க்கின்சனுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் கிடைத்தது. மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்பட்டு, ஆனால் நாளெல்லாம் கரண்டு போவதும் வருவதுமாக, நடுவில் உடம்பு நெளிவதுமாக அல்லாடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். மாத்திரைக்கு எது சரியாகிறதோ பெரும்பாலும் அதுதான் இதற்கும் சரியாகும். தடுமாற்றம், குரல், மறதி ஆகியவற்றுக்கு இதை நம்பிப் போகக் கூடாது. செலவு பல லட்சம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றம், ரீசார்ஜ் ஆகும் வகை என்றால் இன்னும் அதிக நாள் வரும். பொருத்திய பிறகு அதைச் சரிசெய்ய அடிக்கடி மலையிறங்க வேண்டும் என்பதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. மண்டையைத் திறக்காமல் ஒலி அலைகளைக் குவித்து ஒரு புள்ளியைச் சுடும் முறையும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. நடுக்கம் மட்டுமே பெரிய தொந்தரவாக இருப்பவர்களுக்கு அது உதவும், சுட்டதைத் திருப்ப முடியாது. அப்பாவுக்கு இரண்டும் இப்போதைக்குத் தேவையில்லை என்பதுதான் டாக்டரின் கருத்து.

ஸ்டெம் செல் என்று சொல்லி ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 2025 ஏப்ரலில் நியூயார்க்கிலிருந்தும் கியோட்டோவிலிருந்தும் உண்மையான சோதனைகளின் முடிவுகள் வந்தன. ஒன்றில் 12 பேர், இன்னொன்றில் 7 பேர், அதுவும் பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதல் படி. ஆராய்ச்சி அந்த இடத்தில்தான் நிற்கிறது. அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே பார்க்கின்சனுக்கு இதைச் சிகிச்சையாக விற்பது நம் நாட்டு வழிகாட்டு நெறிகளுக்கே எதிரானது.

பூனைக்காலி என்ற மூலிகையின் விஷயம் வேறு. அந்த விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, எடையில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்குகூட. மலையடிவாரப் பழங்குடிகள் சிலர் அதைப் பலமுறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உண்பார்கள், காரணம் இல்லாமலா? நடுக்குவாதத்துக்குப் பழைய வைத்தியர்கள் இதைக் கொடுத்ததில் அறிவு இருந்தது. ஆனால் கடையில் வாங்கும் பொடியில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு மருந்து என்பது கடைக்காரருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரண்டு பக்கமிருந்தும் ஒரே மருந்து ஏறுகிறது. இயற்கை என்பதால் கணக்கில் வராது என்று டாக்டரிடம் மறைப்பதுதான் ஆபத்து.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண் சரிந்தது இங்குள்ள யாருக்கும் மறக்காது. அந்த அளவு இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் சாலை மூடுவது புதிதல்ல. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் புரட்டாசியிலேயே ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுவோம். வேறு எதற்காவது ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இந்த மாத்திரை மட்டும் நேரத்துக்குப் போக வேண்டும். வார்டில் எல்லாருக்கும் மருந்து கொடுக்கும் நேரம் இதற்குப் பொருந்தாது என்று நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் உண்டு. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், பகுதிச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சமீபத்தில் அப்பாவின் மதிய மாத்திரையோடு என்டகாபோன் சேர்த்திருக்கிறார்கள். லெவோடோபாவை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கவைக்கும் மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் மறுநாள் அம்மா பாத்ரூமிலிருந்து பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, மருந்து நன்றாகப் பிடித்திருந்த நேரம், ரோலர் குரலிலேயே சொன்னார்: "அட விடு. இந்தக் கலர் என் டஸ்ட் டீத்தூளுக்கு வந்திருந்தா ஏலத்துல கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடப் போயிருக்கும்."